ஊரப்பாக்கத்தில் தைத்த ஆதிக்கடல்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வரும் வழியில், மருந்துக்கடை மாடியில் ரெஜினா வேஷத்துணிக் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாக் காலம் வந்துவிட்டால் அந்தப் படிக்கட்டில் காந்தியும் கிளியும் தக்காளியும் ஓயாமல் ஏறி இறங்கும். வாடகைக்கு எடுத்துப்போகிறவர்கள் சாம்பார்க் கறையோடு திருப்பிக் கொண்டுவருவார்கள். பதினோரு வருஷமாக இதே தொழில். கிளி என்றால் பச்சை, தக்காளி என்றால் சிவப்பு, காந்தி என்றால் வெள்ளை. படத்தைப் பார்த்து வெட்டித் தைக்க வேண்டியதுதான். ரெஜினாவிடம் யாரும் யோசனை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் சங்கரி, சுருட்டிய தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சுவாங்க மாடியேறி வந்தாள். தஞ்சாவூர்க்காரப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூடுவாஞ்சேரியில் இரண்டு கடைகளில் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரிண்ட் தப்பாக விழுந்திருக்கிறது, வேறு எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

ரெஜினா முதல் தாளை விரித்தாள். தலையில் காளான் முளைத்த மாதிரி கண்கள், முகத்திலிருந்து நீண்டு தொங்கும் குழாய், குழாயின் நுனியில் ஒரு கொடுக்கு. இப்படியும் ஒன்று இருக்குமா என்று கண்களை விரல் வைத்து எண்ணினாள்.

"இன்னா டீச்சர் இது, அஞ்சு கண்ணு கீது?"

"அஞ்சுதான்க்கா. இந்தப் படத்தை முதன்முதல்ல ஒரு கூட்டத்துல காட்டினப்ப, வந்திருந்த விஞ்ஞானிங்களே சிரிச்சிட்டாங்களாம்."

ரெஜினாவும் சிரித்தாள். மூலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அன்பரசி, ஆறு வருஷமாக அந்தக் கடையில் வேலை பார்ப்பவள், ஊசியும் கையுமாக எழுந்து வந்து பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வேலை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் என்ன வேலை என்று ரெஜினா கேட்டாள்.

கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அறிவியல் மன்றம் ஒன்று, அறிவியல் தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் கடற்கரையில் விழா வைத்திருந்தது. ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தைய கடலில் வாழ்ந்த பிராணிகளாகச் சங்கரியின் மாணவர்கள் வேஷம் போட்டு நிற்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு உருப்படி. டைனோசருக்கும் முந்தியா என்று ரெஜினா கேட்டதற்கு, டைனோசர் வருவதற்கு அப்போது இன்னும் இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு மேல் கிடந்தது என்றாள் சங்கரி. அன்பரசி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த தாளில் ஒரு புழு. ஒரு பக்கம் நீண்ட முள் வரிசை, மறுபக்கம் குழைந்த கால்கள். ரெஜினா அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். சங்கரி வாங்கி நேராக்கினாள். வெட்கப்பட வேண்டியதில்லை, கல்லில் இதைக் கண்டெடுத்தவர்களும் இப்படித்தான் பிடித்தார்கள் என்றாள். முட்களைக் கால் என்று நினைத்து, முட்களை ஊன்றி நடந்ததாகவே பல வருஷம் படம் வரைந்தார்களாம். பிறகு ஒரு நாள் கவிழ்த்துப் பார்த்தால் சரியாக வந்தது. அதற்கும் பிறகு, தலை என்று நினைத்தது வால் பக்கம் என்று தெரிந்தது.

ரெஜினாவுக்கு மனசு லேசாகிவிட்டது. புதிதாகத் தையல் பழகியபோது ஒரு ஜாக்கெட்டில் முதுகுத் துண்டை முன்பக்கம் வைத்துத் தைத்து, ஒரு வாரம் வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் ஒளிந்தவள் அவள்.

கடைசித் தாள்தான் பெரியது. இரண்டு பக்கமும் துடுப்பு துடுப்பாக மடல்கள், தண்டில் உட்கார்ந்த இரண்டு கண்கள், முகத்துக்கு முன்னால் இறாலைப் போல வளைந்த இரண்டு கொடுக்குகள், அடியில் வட்டமான வாய். இதன் கொடுக்கு மட்டும் தனியாகக் கிடைத்தபோது, அதுவே ஒரு முழு இறாலின் உடம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றாள் சங்கரி. வாய் தனியாகக் கிடைத்தது. அதைச் சொறிமீன் என்று எழுதி வைத்தார்கள்.

"அதாவது, ஒரு கையை மட்டும் பாத்துட்டு இதான் முழுச் சட்டைன்னு சொல்லிகினு இருந்துகீறாங்கோ" என்றாள் ரெஜினா.

 சங்கரி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

என்ன கலர் என்று ரெஜினா கேட்டபோதுதான் சங்கதி வந்தது. கல்லில் உருவம் பதிந்திருக்கிறது, கலர் பதியவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது. நீங்களே பார்த்து வையுங்கள் என்றாள் சங்கரி. அவள் போன பிறகும் ரெஜினா வெகுநேரம் துணி அலமாரியின் முன்னால் நின்றாள். உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை அவள் முடிவு செய்ய வேண்டுமாம். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குறுகுறுவென்றும் இருந்தது.

மூன்று வாரம் கடையில் அதே பேச்சுதான். கிழிந்த கிளி வேஷங்களின் பச்சை வெல்வெட் ஐந்துகண்ணுக்குப் போயிற்று. பழைய தக்காளிகள் ஓட்டுப்பூச்சியின் முதுகாயின. அந்தப் பூச்சியின் பெயர் ட்ரைலோபைட். மரவட்டை போலச் சுருண்டுகொள்ளும் என்று சங்கரி சொல்லியிருந்ததால், ரெஜினா முதுகை ஒரே துண்டாக வைக்காமல் ஓடு ஓடாக அடுக்கித் தைத்தாள். ரெஜினாவின் வீட்டுக்காரர் ஆல்வின் ஏசி மெக்கானிக். செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமில் மிச்சம் விழுந்ததையெல்லாம் அவன் அள்ளிக்கொண்டு வந்தான். அதுதான் புழுவின் முட்கள். ஏழு ஜோடி. பெரியதற்குக் கண் வைக்க வெள்ளிச் சமிக்கிப் பாக்கெட்டுகள் வாங்கினார்கள். ஒவ்வொரு கண்ணிலும் பதினாறாயிரம் குட்டிக் கண்கள் என்று கேட்ட அன்பரசி, நானூறு ஒட்டியதோடு சமாதானம் செய்துகொண்டாள். வாய்க்கு ஒரு பழைய டேபிள் ஃபேனின் முன்கம்பி அளவெடுத்தது போலப் பொருந்தியது.

பெயர்கள் வாயில் நுழையாததால் அன்பரசி எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்தாள். ஐந்துகண்ணன், முள்ளுமூட்டை, ஓட்டுக்காரி. பெரியதற்கு மட்டும் தாதா.

தாதாதான் பேஜார் கொடுத்தான். இரண்டு பேர் உள்ளே போய்த் தூக்கி நடக்க வேண்டும். முதல் தடவை ரெஜினாவும் ஆல்வினும் கடைக்குப் பின்னால் தெருவில் போட்டு நடந்து பார்த்தபோது, மடல்களெல்லாம் நனைந்த துண்டு மாதிரித் தொங்கின. நிஜத்தில் இது எவ்வளவு பெரிசாம் என்று ஆல்வின் உள்ளேயிருந்து கேட்டான். ஒரு முழத்துக்குள் என்று ரெஜினா சொன்னதும் அவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. வஞ்சிரமே இதைவிட நீளம் என்றான். அந்தக் காலத்துக் கடலில் அதற்கு மேல் ஆளில்லை என்று ரெஜினா விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். உடைந்த குடைகளின் கம்பியை மடலுக்கு ஒன்றாகக் கோத்து, கொடுக்கு இரண்டுக்கும் உள்ளிருந்து இழுக்க நைலான் கயிறு வைத்த பிறகு தாதா நிமிர்ந்தான். கயிற்றை இழுத்தால் கொடுக்கு மடங்கி வாய்க்கு வரும். எதிர்வீட்டு நாய் தெருமுனை வரை ஓடிப்போய் நின்று குரைத்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மன்றத்தின் செயலாளர் ஹரிகிருஷ்ணன் சங்கரியோடு கடைக்கு வந்தார். கல்பாக்கத்தில் இன்ஜினியர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. எல்லாவற்றையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். தையலைப் பாராட்டினார். ஆனால் இத்தனை கலர் எதற்கு, ஐந்துகண் பிராணி கிளிப்பச்சையாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எல்லாம் சாம்பலாக இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

ரெஜினா வழக்கமாக இந்த மாதிரிச் சமயத்தில் மாற்றித் தருகிறேன் சார் என்றுதான் சொல்வாள். அன்று சொல்லவில்லை.

"சாம்பல்னு மட்டும் எங்க சார் எழுதிகீது?"

ஹரிகிருஷ்ணன் நியாயமான மனிதர். அது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். யாரும் ஆடக்கூடாது, குதிக்கக்கூடாது. பிராணிகள் வரிசையாக நிற்க வேண்டும். சஹானா என்ற மாணவி மைக்கில் ஒவ்வொன்றின் பெயரையும் இரண்டு வரியில் விவரத்தையும் படிப்பாள். படித்ததும் அந்தப் பிராணி ஒரு அடி முன்னால் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் போகும். சங்கரி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆல்வின் ஒரு குட்டியானை வண்டியில் ஆதிக்கடலை ஏற்றி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் தேவனேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று ஏழு மணிக்கே விழா. கரையில் ஃபைபர் படகுகள் ஏறிக் கிடந்தன. அப்பால் மீனவப் பெண்கள் வலையிலிருந்து மீனைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்பாக்கத்துக் குடும்பங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது சங்கரிக்குப் போன் வந்தது. தாதாவுக்குள் முன்பக்கம் போக வேண்டிய நிதினுக்கு அம்மை போட்டுவிட்டது. பின்பக்கம் போக வேண்டியவன் அவனுடைய ஹாஸ்டல் அறைத்தோழன். அவனையும் வெளியே விடவில்லை. சங்கரியின் முகம் சுருங்கிப்போயிற்று. பெரியது இல்லாமல் மற்றதை நிறுத்துவது கோலியாத் இல்லாத தாவீது கதை மாதிரி என்று ரெஜினாவுக்குப் பட்டது. கயிற்றை எப்படி இழுப்பது என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டாள். ஆல்வினைப் பார்த்தாள்.

"நானா? எனக்கு இடுப்பு புடிச்சிகினு கீதும்மே" என்றான் ஆல்வின். சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்தான்.

உள்ளே புழுக்கமாக, புதுத் துணியின் கஞ்சி வாசனையோடு இருந்தது. கண்ணுக்கு நேராக ஒரு சாண் வலைத்துணி. அதன் வழியே ரெஜினாவுக்கு மணலும் கால்களும் தெரிந்தன. சஹானா படிக்க ஆரம்பித்தாள். ஐந்துகண்ணன் ஓரடி வந்து வணங்கிவிட்டுப் போனான். முள்ளுமூட்டை வந்து போனது. கைதட்டல் மரியாதைக்கு விழுந்தது. நான்காவது பெயருக்குள் நாற்காலியில் இருந்த பாதிப் பேர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து அலைப்பக்கம் போனார்கள். மூன்று வாரத்து வேலை கண் முன்னால் சப்பென்று போவதை ரெஜினா வலைத்துணி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியர்வை புருவத்தில் இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, தெய்வநாயகி என்று பெயர், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தாள். ஐம்பது வயசுக்காரி, கணீரென்ற குரல். சஹானா மூச்சு விட்ட இடைவெளியில் அவள் நேராகக் கேட்டாள்.

"இதெல்லாம் சரிம்மா. இதுல யாரு யாரத் துன்னும்?"

சஹானா தாளைப் புரட்டினாள். அதில் அது எழுதியிருக்கவில்லை. இரண்டு வரிக்கு மேல் பேசலாமா என்று சங்கரி ஹரிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

ரெஜினாவுக்குக் கடையில் சங்கரி சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய கடலில் பெரும்பாலும் எல்லாம் பாய் விரித்த மாதிரித் தரையோடு தரையாகக் கிடந்தனவாம். யாரும் யாரையும் துரத்தவில்லை. பிறகு ஒரு காலம் வந்தது. ஒன்றுக்குக் கண் வந்தது, ஒன்றுக்குப் பல் வந்தது, ஒன்று இன்னொன்றைத் துரத்த ஆரம்பித்தது. ஏன் அப்படித் திடீரென்று என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், கடலில் பிராணவாயு கூடியது என்பவர்களும் உண்டு. ஆனால் துரத்தல் ஆரம்பித்த பிறகு, யாரும் சும்மா கிடக்க முடியவில்லை என்றாள் சங்கரி.

தெய்வநாயகி கேட்டது நியாயமான கேள்வி. ரெஜினா கயிற்றை இழுத்தாள். பின்னால் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஓடு."

தாதா வரிசையை விட்டுக் கிளம்பினான். கொடுக்கு இரண்டும் மடங்கி விரிய, மடல்கள் கடற்காற்றில் படபடக்க, நேராக ஓட்டுக்காரியை நோக்கிப் போனான். ஓட்டுக்காரிக்குள் இருந்த பெண் வீலென்று கத்திவிட்டு மணலில் விழுந்து சுருண்டுகொண்டாள். அடுக்கடுக்காகத் தைத்த முதுகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொண்டது. ரெஜினா கொடுக்கால் உருட்டிப் பார்த்தாள், வாய் வைக்க இடமே இல்லை. விட்டுவிட்டு முள்ளுமூட்டைப் பக்கம் திரும்பினாள். அந்த மாணவன் சமர்த்தன். முதுகைக் காட்டி நின்றான். கறுப்பு முட்கள் தாதாவின் வயிற்றில் குத்தின. உள்ளேயிருந்து ஆல்வின், ஐயோ என் ஃபோமே என்னைக் குத்துகிறது என்று புலம்பியது மைக் வரை கேட்டது.

அலைப்பக்கம் போயிருந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தேவனேரிப் பிள்ளைகளும் கல்பாக்கத்துப் பிள்ளைகளும் கலந்து எங்களையும் துரத்து என்று முன்னால் வந்து நின்றார்கள். தாதா அவர்கள்மேல் திரும்பினான். சிலர் படகுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். நாலைந்து பேர் ஈர மணலைத் தோண்டி இடுப்பு வரை புதைந்துகொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சங்கரி சஹானாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாருங்க, அதோ மண்ணுக்குள்ள போறாங்க! அப்பவும் இதேதான் நடந்துச்சு! கடல் தரையைத் தோண்ட ஆரம்பிச்சதே இந்த மாதிரி புழுக்கள்தான்!"

கிரிக்கெட் வர்ணனை போல அவள் பேசிக்கொண்டே போனாள். ஓடு வந்தது ஏன், முள் வந்தது ஏன், கண் இருந்தால் துரத்தவும் செய்யலாம் தப்பவும் செய்யலாம், கொஞ்ச காலத்துக்குள் இத்தனை தினுசு உடம்பு வந்தது எப்படி. தாளில் இருந்ததைவிட அதிகமாகவே சொன்னாள். நாற்காலியில் இருந்தவர்கள் போனைப் பையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஹரிகிருஷ்ணன் ஒழுங்கு, ஒழுங்கு என்று கையை உயர்த்திக்கொண்டு நடுவில் வந்தார். அவரைத்தான் தாதா அடுத்துப் பார்த்தான். அவருக்கு ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு நொடி தயங்கினார். பிறகு செருப்பை உதறிவிட்டு, மடிப்புச் சட்டையோடு சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓட்டம் பிடித்தார். அவருடைய மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தாதா பிடிக்க முடியாதது ஒன்றே ஒன்று. பிகாயா. விரல் நீளத்தில் நாடா போன்ற ஒரு சின்னஞ்சிறு பிராணி. ஒல்லியான ஒரு மாணவிக்கு ரோஸ் கலர் துணியில் உறை மாதிரித் தைத்துப் போட்டிருந்தாள் ரெஜினா. முள் கிடையாது, ஓடு கிடையாது. வளைந்து நெளிந்து ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் துரத்திப் போனபோதுதான் காற்று மடல்களுக்கு அடியில் புகுந்து தாதாவைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தது. ரெஜினாவும் ஆல்வினும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டு மடல் டர்ரென்று கிழிந்தது. கரையே கைதட்டியது.

வெளியே வந்தபோது ரெஜினாவுக்கு முகமெல்லாம் மணல். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றாள். தோப்பிலிருந்து திரும்பி வந்த ஹரிகிருஷ்ணனுக்கும் மூச்சு வாங்கியது. சட்டையில் ஒரு பேனாவைக் காணவில்லை. அவர் அவள் முன்னால் வந்து நின்று, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த ரவுண்டு எப்பம்மா?" என்று கேட்டார்.

மடலைத் தைக்காமல் அடுத்த ரவுண்டு இல்லை. ரெஜினா ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தாள். அவளுடைய நூல் காற்றுக்கு நிற்காது என்று சொல்லி, தெய்வநாயகி வலை முடைகிற நைலான் நரம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். சங்கரி பக்கத்தில் மண்டியிட்டுத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தாதாவின் வம்சம் இப்போது எங்கே இருக்கிறது என்று தைத்துக்கொண்டே ரெஜினா கேட்டாள். நேர் வாரிசு யாருமில்லை, எல்லாம் அழிந்துபோயிற்று என்றாள் சங்கரி. நண்டும் இறாலும் தூரத்துப் பங்காளி முறை வேண்டுமானால் ஆகும். தெய்வநாயகி தன் கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நம்ம ஆளு யாரு டீச்சர், இதுல?"

சங்கரி ரோஸ் கலர் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஒல்லிப் பெண்ணைக் காட்டினாள். நேராக அதுவே நம் பாட்டன் என்று சொல்ல முடியாது, ஆனால் முதுகெலும்பு வருவதற்கு முந்தைய நம் பக்கத்து ஆள் அதுதான் என்றாள். மீன், தவளை, மனுஷன் எல்லாம் அந்தக் கிளைதான்.

"ஓடியே பொழச்சுதே, அதுவா?" என்றாள் ரெஜினா. ஆல்வின் மணலில் மல்லாந்து படுத்தபடி, அதனால்தான் செயலாளர் சாருக்கு அவ்வளவு வேகம் என்றான். தெய்வநாயகி சிரித்த சிரிப்பில் படகில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

பிள்ளைகள் அதற்குள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஓட்டுக்காரி நானாகிறேன், முள்ளு எனக்கு என்று சண்டை. சங்கரி அவர்களை எண்ணி, ஒளிகிறவர்கள், தோண்டுகிறவர்கள், ஓடுகிறவர்கள் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள். ஆல்வின் எழுந்திருக்கவில்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினான். இந்தத் தடவை அது நிஜம் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

தெய்வநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தாதாவின் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கவுறு எனக்கு?" என்றாள்.

பின்னால் இருப்பவருக்குக் கயிறு கிடையாது, முன்னால் இருப்பவள் ஓடுகிற திசையில் ஓடினால் போதும் என்று ரெஜினா சொன்னாள். தெய்வநாயகிக்கு அது சரிப்படவில்லை. முன்பக்கம்தான் வேண்டும் என்றாள். ரெஜினா கொஞ்சம் யோசித்துவிட்டு, கயிற்றை அவள் கையில் கொடுத்து, எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காட்டினாள். பிறகு பின்பக்கமாகப் போய்க் குனிந்து நுழைந்தாள். முன்னால் சங்கரியின் குரல் மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியது. மூன்று சொல்வதற்குள் தாதா கிளம்பிவிட்டான்.